துடைத்து வைத்த ஆறு

அய்ன் தர்ஃபா ஊரில் போட்டோக்காரி தலேந்தா கைவைக்காத முகம் ஒன்றுகூடக் கிடையாது. பள்ளிக்கூடச் சான்றிதழில் ஒட்டும் படமானாலும் சரி, கல்யாணப் பெண்ணை ஜரிகையில் மூட்டையாகக் கட்டி உட்கார வைத்து எடுக்கும் படமானாலும் சரி, அவளுடைய கம்ப்யூட்டருக்குள் போய்த்தான் வெளியே வரும். உள்ளே போகும்போது பெண்ணுக்குப் பரு இருக்கும், மாப்பிள்ளைக்குக் கண்ணுக்குக் கீழே கருவளையம் இருக்கும், மாமியாருக்கு மெல்லிய மீசைகூட இருக்கும். வெளியே வரும்போது ஒன்றும் இருக்காது. "தலேந்தா எடுத்த போட்டோவப் பாத்துப் பொண்ணு முடிவு பண்ணினா, கல்யாணத்தன்னிக்கு ஆள் மாறாட்டம்னு வழக்குதான் போடணும்" என்று காபிக் கடையில் ஆண்கள் கேலி பேசுவார்கள். பேசிய வாயோடு மறுநாள் ஸ்டூடியோவுக்கு வந்து, "அப்படியே இந்த வழுக்கையையும் கொஞ்சம் கவனிச்சுக்க" என்பார்கள்.

ஊரில் வேறு போட்டோக்காரர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் மருதாணிச் சடங்கு பெண்களுக்கு மட்டுமானது. தலைத்துணியை அவிழ்த்து எறிந்துவிட்டு, இடுப்பை ஒடித்து ஆடுவார்கள். அங்கே ஓர் ஆண் எட்டிப் பார்க்க முடியுமா? தலேந்தாதான் போவாள். எடுப்பாள், துடைப்பாள், ஆல்பமாகக் கொடுப்பாள். கொடுக்கும் அன்றைக்குப் பெண்ணின் அம்மாவை ஸ்டூடியோவில் உட்கார வைத்து, அவள் கண் முன்னாலேயே கேமராவின் மெமரி கார்டையும் கம்ப்யூட்டரில் இருப்பதையும் அழிப்பாள். "பாத்துக்குங்க. எங்கிட்ட ஒண்ணுமில்ல." இருபத்திரண்டு வருஷமாக இதுதான் அவளுடைய தொழிலுக்கு முதல். கேமராவா பெரிது? அந்த அழிப்பை நம்பித்தான் ஊரே அவளை உள்கட்டு வரை விட்டது. எந்த வீட்டுக்குள் எதைப் பார்த்தாலும் அது வாசற்படியோடு சரி.

தன்னையும் அவள் விட்டுவைக்கவில்லை. ஆறு வயதில் தபூனா என்கிற ரொட்டி சுடும் மண் அடுப்பின் விளிம்பில் விழுந்து, வலது தாடையிலிருந்து கழுத்து வரைக்கும் சுட்டுக்கொண்ட தழும்பு அவளுக்கு உண்டு. தலைத்துணியை அந்தப் பக்கம் இழுத்துச் செருகியே நாற்பத்தாறு வயதாகிவிட்டது. ஸ்டூடியோ கண்ணாடிக்குள் ஆளுயரத்துக்குத் தன் படத்தைத்தான் விளம்பரமாக மாட்டியிருந்தாள். அந்தக் கழுத்து முட்டை ஓடு மாதிரி வழவழவென்று இருக்கும். யாரும் ஒன்றும் கேட்டதில்லை. கேட்டால் அவளிடமே நாளைக்குப் படம் எடுத்துக்கொள்ள வேண்டுமே!

அப்படிப்பட்டவளிடம்தான் அல்ஜியா வந்து, ஆற்றைப் போட்டோ எடுக்கச் சொன்னாள்.

அது அக்டோபர் கடைசி. வழக்கமாக செப்டம்பரிலேயே வந்துவிடும் முதல் மழை இன்னும் வரவில்லை. அறுவடைக் களத்தில் மிச்சமிருக்கும் உமியையும் தூசியையும் அடித்துக்கொண்டு போவதால் அதற்கு அங்கே களங்கழுவி என்று பெயர். அது வராமல் வீட்டு முற்றமும் தெருவும் ஒரே புழுதி. அல்ஜியாவின் பாதத்தில் அந்தப் புழுதிக்கு மேல் ஆற்றுச் சேறு காய்ந்து வெடித்திருந்தது. ஐம்பத்தைந்து வயது, தடித்த கைகள், ஆளை நிமிர்ந்து பார்த்தே பேசும் குணம். ஊரில் பாதி தபூனா அடுப்பு அவள் கையால் ஆனது.

"ஆத்தையா? அதுக்கு யாரோட கல்யாணம்?" என்றாள் தலேந்தா.

"கல்யாணமில்லடி, கருமாதி. நகராட்சிக் கதவுல காகிதம் ஒட்டிருக்கான், படிச்சியா?"

தலேந்தா படிக்கவில்லை. அல்ஜியாவுக்கும் படிக்கத் தெரியாது, ஆனால் மருந்துக்கடைக்காரனைப் படிக்கச் சொல்லிக் கேட்டு ஒவ்வொரு சொல்லையும் மனப்பாடமாக வைத்திருந்தாள். ஆறு வளைந்து திரும்பும் இடத்தை ஊரார் முழங்கை என்பார்கள். ஊர்க் குப்பை முழுவதையும் இனி அங்கே கொட்டப் போகிறார்கள். 'பயனற்ற சேற்று நிலம். மனித நடமாட்டம் இல்லை.' ஆட்சேபம் உள்ளவர்கள் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் ஆதாரத்தோடு வரலாம்.

"நா முப்பது வருஷமா அங்கதான் மண்ணெடுக்கறேன். நா மனுஷி இல்லியாம்!" அல்ஜியாவின் மூக்கு நுனி சிவந்துவிட்டது. "மெஜர்தா ஆத்துக் கரை பூரா மண்ணிருக்கு, ஆனா அடுப்புக்கு நிக்கற மண்ணு முழங்கைல மட்டுந்தான். வேற மண்ணுல செஞ்சா மூணாம் நாள் விரிஞ்சுடும். குப்பையைக் கொட்டினா நா எங்க போவேன்? எனக்குப் பேசத் தெரியாது, கோவந்தான் வரும். நீ படம் எடுத்துக் குடு, அது பேசும். ஒனக்கு ஒரு புது அடுப்பு செஞ்சு தரேன்."

"எனக்கெதுக்கு அடுப்பு? நா பேக்கரி ரொட்டி திங்கறவ."

"அதான் மூஞ்சி இப்படி வெளுத்துக் கெடக்கு" என்றாள் அல்ஜியா.

மறுநாள் பிற்பகல் மூன்று மணி வாக்கில் இருவரும் முழங்கைக்கு இறங்கினார்கள். ஸ்டூடியோவிலிருந்து ஆறு முந்நூறு அடிதான். இருந்தும் தலேந்தா கேமராவோடு அங்கே வந்ததே இல்லை. கல்யாண ஜோடிகளை அவள் பூங்காவுக்கு அழைத்துப் போவாள், அங்கே சிமெண்டு அன்னம் இரண்டு நிற்கும், தண்ணீர் வராத நீரூற்று ஒன்று இருக்கும். ஆற்றை யார் கேட்டார்கள்? அது பழுப்பாக, மெலிந்து, யாருக்கும் வழிவிட்டு ஒதுங்கி நடக்கிற ஏழைச் சொந்தக்காரி மாதிரி ஊருக்குப் பின்புறமாகப் போய்க்கொண்டிருந்தது.

கேமராவைக் கண்ணில் வைத்ததும் அவளுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஊருக்குப் பெயர் தந்த கரையோரத் தர்ஃபாப் புதர்கள் பச்சை போய்த் துருவும் மஞ்சளுமாக நின்றன. அக்கரையில் யாரோ மறந்துவிட்ட மாதுளை மரத்தில் பழங்கள் மரத்திலேயே வெடித்து, சிட்டுகள் உள்ளே தலையை விட்டுத் தின்றுகொண்டிருந்தன. வெயில் சாய்ந்து வந்து தண்ணீரின் மேல் படுத்ததில் அந்த அழுக்குப் பழுப்புக்கும் ஒரு நிறம் வந்தது, அதற்கு என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியவில்லை. இருபத்திரண்டு வருஷமாக அவள் கேமராவுக்கு முன்னால் வந்த எல்லாரும், நான் எப்படி இருக்கிறேன் என்று முகத்தாலேயே கேட்டவர்கள். இந்த ஆறு ஒன்றும் கேட்கவில்லை. இவ்வளவு நாள் இதைப் பார்க்காமல் இருந்திருக்கிறோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அதற்குள் அல்ஜியா பின்னால் தடதடவென்று என்னவோ செய்துகொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தால், கழுதையைப் புதருக்குப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தாள். தகர டப்பாக்களையும் மண்வெட்டியையும் எடுத்து ஒளித்தாயிற்று. காயப்போட்ட ஏழு அடுப்புகள் மேல் ஒரு பழைய கம்பளியைப் போட்டு மூடினாள்.

"என்னக்கா பண்ற?"

"பின்ன? பெரிய மனுஷங்க பாக்கப் போறாங்க. பெருக்காத வீட்டுக்கு விருந்தாளியக் கூப்புடுவாங்களா?"

"குழி?"

"அதான் பாக்கறேன், குழிய எங்க தள்றது?" கரையில் முப்பது வருஷமாக மண்வெட்டியால் வெட்டிய குழிகள் படிக்கட்டாக இறங்கின. வைக்கோலைச் சேர்த்து மண் மிதித்த வட்டங்கள், ஆயிரக்கணக்கில் கால் தடங்கள். "அதெல்லாம் நீ ஒன் பொட்டில பாத்துக்கடி. மேயர் பொண்டாட்டி மருவையே தொடச்சவ, ஒனக்கு ஒரு குழி பெரிசா?"

தலேந்தா சிரித்தாள். அவளுக்கும் அது நியாயமாகவே பட்டது. உண்மையைச் சொன்னால், அவள் கை ஏற்கெனவே ஊறிக்கொண்டுதான் இருந்தது.

"இங்க ஒன்னத் தவிர யாரும் வர்றதில்லியாக்கா?"

"இப்பப் பாத்தா ஈ காக்கா இருக்காது. களங்கழுவி வந்து, வெள்ளம் எறங்கி, சேறு மேல ஆடை கட்டற மொத நாள் வந்து பாரு. ஊர்ப் பொம்பளைங்க பாதி இங்கதான். வெடிச்ச அடுப்பப் பூசப் புது மண்ணு வேணுமே. ஆனா ஒருத்தியும் வெளிய சொல்லமாட்டா. எல்லாருக்கும் இத்தாலி அடுப்பு வந்துருச்சாம், கௌரவமாம்!"

அப்போது தலேந்தாவுக்கு ஒரு கொல்லைப்புறம் ஞாபகம் வந்தது. போன வருஷம், ஊரார் மேயர் என்று சொல்லும் நகராட்சித் தலைவர் துஹாமியின் மகளுக்கு மருதாணி. துணி மாற்ற இடம் தேடிப் பின்பக்கம் போனவள், கோழிக்கூண்டுக்குப் பின்னால் சாக்குப் போட்டு மறைத்த ஒரு தபூனா அடுப்பைப் பார்த்தாள். தலைவரின் மனைவி மஹ்பூபா உதட்டில் விரலை வைத்தாள். "அவருக்குத் தெரியாது. பழசத் தூக்கிப் போடுன்னுட்டார். நா இதுல சுட்டுப் பேக்கரி ரொட்டின்னு வெக்கறேன். 'ரொட்டின்னா இதான் ரொட்டி'ன்னு திங்கறார் மனுஷன்." இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்தக் கொல்லைப்புறமும் அந்த வீட்டு வாசற்படியோடு சரியாகிவிட்டது.

அடுத்த இரண்டு நாள் தலேந்தா ஸ்டூடியோவை அரைக் கதவு சாத்திக்கொண்டு ஆற்றைத் துடைத்தாள். குழிகளை ஒவ்வொன்றாக மூடினாள். கால் தடங்களை வழித்தாள். மரக்கிளையில் மாட்டியிருந்த கந்தல், தூரத்தில் அடுப்பு சுட்ட புகை, கம்பளிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு மண் விளிம்பு, எல்லாம் போயிற்று. அல்ஜியா பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, "அடேயப்பா! நம்ம ஆறா இது! கல்யாணப் பொண்ணு கெட்டா போ!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

ஒரு படத்தில் மட்டும் தலேந்தாவின் கை நின்றது. அல்ஜியாவுக்குத் தெரியாமல் எடுத்தது. குழிக்குள் குனிந்து, பாவாடையை முழங்காலுக்கு மேல் செருகி, இரண்டு கையாலும் மண்ணை வழித்தெடுக்கிறாள். முதுகில் மஞ்சள் வெயில்.

"இது இருக்கட்டும்க்கா."

"ஐயோ, என் முதுகையா மேயருக்குக் காட்டுவ? மானம் போயிடும். எடுடி அத."

"நல்லாருக்குக்கா, நெசமா."

"எடுன்னா எடு."

எடுத்துவிட்டாள். அல்ஜியா நின்ற இடத்தில் பக்கத்து நாணலை நகல் எடுத்து நட்டாள். மனசு என்னவோ சங்கடப்பட்டது. ஆனால் படத்தில் இருப்பவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அதுதான் தொழில். பன்னிரண்டு படங்களையும் பெரிதாக அச்சடித்து உறையில் போட்டுக் கொடுத்தாள். பிறகு வழக்கப்படி கார்டைக் காட்டி, கம்ப்யூட்டரைக் காட்டி, எல்லாவற்றையும் அழித்தாள். "பாத்துக்கக்கா. எங்கிட்ட ஒண்ணுமில்ல."

"நீ தங்கம்" என்றாள் அல்ஜியா.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நகராட்சி மன்றம் நிரம்பியிருந்தது. தலைவர் துஹாமி மோசமான ஆள் இல்லை. கை சுத்தம், உடை அதைவிடச் சுத்தம், எதையும் நேராக்க வேண்டும் என்று துடிக்கிற மனுஷன். அவர் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, உறுப்பினர்களுக்குச் சுற்றுக்கு விட்டார். "மாஷா அல்லாஹ்! நம்ம ஊரா இது?" என்று எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். அல்ஜியா முதல் வரிசையில், ஈதுக்கு உடுத்தும் துணியில், பெண்ணைப் பெற்றவள் மாதிரி பூரித்து உட்கார்ந்திருந்தாள்.

கடைசியாகப் படங்கள் பொறியாளர் நூமானின் கைக்கு வந்தன. தலைநகரிலிருந்து வந்த சின்ன வயசுக்காரன். பன்னிரண்டையும் மேஜையில் வரிசையாகப் பரப்பினான். ஒருமுறை பார்த்தான். பிறகு சிரித்தான்.

"ரொம்ப நன்றிங்க. எங்க அறிக்கைல எழுதினதையேதான் இந்தம்மா அழகா எடுத்துக் காட்டிருக்காங்க. ஒரு ஆள் இருக்கா? ஒரு கால் தடம்? மண்ணு வெட்டின அடையாளம்? ஒண்ணுமே இல்ல. மனித நடமாட்டம் இல்லைன்னுதானே நாங்களும் சொல்றோம்?"

அவன் சொன்னதில் என்ன தப்பு? மன்றத்தில் நாலைந்து பேர் சிரித்தார்கள். அல்ஜியாவின் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு மெல்லத் திரும்பி, பின்வரிசையிலிருந்த தலேந்தாவைப் பார்த்தாள். கோபம்கூட அந்தப் பார்வையில் இல்லை. என்ன நடந்தது என்று புரியாத பார்வை அது.

தலேந்தா எழுந்து நின்றுவிட்டாள். நின்ற பிறகுதான் என்ன பேசுவது என்றே யோசித்தாள்.

"தலைவரே, நான் தொடச்சுட்டேன்."

"என்னத்த?"

"எல்லாத்தையும். குழி இருந்துது, தடம் இருந்துது, இவங்களே இருந்தாங்க. பளிச்சுன்னு இருக்கட்டும்னு நாந்தான் எடுத்துட்டேன்."

"அப்ப தொடைக்காத படத்தக் குடுங்க."

"அழிச்சுட்டேன். அதான் என் வழக்கம். உங்க வீட்டம்மாவுக்குத் தெரியும்."

மன்றத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. நூமான் தோளைக் குலுக்கினான். துஹாமி சங்கடமாகக் கனைத்துக்கொண்டார். "லல்லா தலேந்தா, உங்க மேல மரியாதை இருக்கு. ஆனா ஆதாரம் வேணுமே."

"அந்த அம்மா ஒருத்தி மட்டுமில்ல தலைவரே. இந்த ஊர்ல அம்பது வீட்டு அடுப்புக்கு மண்ணு அங்கேருந்துதான் வருது."

"எந்தெந்த வீடு? பேரைச் சொல்லுங்க, எழுதிக்கறோம்."

ஒரே ஒரு பேர் போதும். நாக்கு நுனியில் நின்றது. கோழிக்கூண்டுக்குப் பின்னால் போய்ச் சாக்கைத் தூக்கிப் பாருங்கள் என்றால் கூட்டம் அத்தோடு முடிந்தது. அல்ஜியா வேறு அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆனால் அவளை நம்பி உதட்டில் விரல் வைத்தாளே ஒருத்தி? அந்தப் பேரை இங்கே போட்டு உடைத்தால், இனி இந்த ஊரில் எந்தப் பெண் அவள் முன்னால் தலைத்துணியை அவிழ்ப்பாள்? மன்றமே பார்த்தது.

"பேர் சொல்லமாட்டேன்" என்றாள். "நா வீட்டுக்குள்ள பாத்தத வெளிய சொல்றவ இல்ல. ஆனா நா தொடைக்கறவங்கறதுக்கு ஆதாரம் தரேன். என் கடைக் கண்ணாடில என் படம் இருக்கு. நீங்க எல்லாரும் பாத்துருக்கீங்க."

வலது பக்கம் செருகியிருந்த துணியை இழுத்து விட்டாள். தழும்பு தாடையிலிருந்து கழுத்து வரைக்கும் சுருங்கி, பளபளவென்று இருந்தது. ஆண்கள் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவள் துணியைத் திரும்பச் செருகவில்லை.

"இது அந்தப் படத்துல இருக்கா? இல்ல. அதுக்காக நா சுட்டுக்காம இருந்தேனா? அந்த ஆத்துக்கும் இதத்தான் பண்ணினேன். அங்க ஆளில்லன்னு என் படத்த வெச்சு முடிவு பண்ணாதீங்க. வந்து பாருங்க. அவ்வளவுதான்."

துஹாமி மேஜையில் கிடந்த படங்களை அடுக்கி உறையில் போட்டார். பிறகு, "வரோம். வெள்ளிக்கிழமை வரோம்" என்றார்.

வெளியே வந்ததும் அல்ஜியா விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். தபால் நிலைய முக்கில் நின்று, "நாந்தாண்டி தொடைக்கச் சொன்னேன்" என்றாள். "அத ஏன் சொல்லல?"

"வேண்டாம்னு நா சொல்லிருக்கணும்."

"ஆமா, சொல்லிருக்கணும்" என்று சொல்லிவிட்டு அல்ஜியா போய்விட்டாள். தலேந்தா அன்று ஸ்டூடியோவைத் திறக்கவே இல்லை.

விதியைப் பாருங்கள், புதன்கிழமை மத்தியானம் களங்கழுவி வந்தது. இரண்டு மாதம் போக்குக் காட்டிய மழை வட்டியும் முதலுமாகக் கொட்டித் தீர்த்தது. வெள்ளிக்கிழமை தலைவரிடமிருந்து ஆள் வந்தது: தண்ணீர் இறங்கட்டும், அடுத்த வியாழன் பார்க்கலாம். மழைக்கு நடுவே தலேந்தாவுக்குத் தொலைபேசி மேல் தொலைபேசி. "நம்ம வீட்டு விஷயம் ஒண்ணும் பேசலியே நீ?" என்று ஒருத்தி. "என் பொண்ணு படத்துல தொடச்சது வெளிய தெரியாதில்ல?" என்று இன்னொருத்தி. டிசம்பர் கல்யாணம் ஒன்று, "யோசிச்சுச் சொல்றோம்" என்று நழுவியது. தலேந்தா எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொன்னாள், "நா யாரு பேரையும் சொல்லல."

வியாழக்கிழமை காலை வெயில் அடித்தது. துஹாமி, நூமான், உறுப்பினர்கள் மூன்று பேர், தலேந்தா, அல்ஜியா, எல்லாரும் முழங்கைக்கு மேல் கரையில் நின்றார்கள். தலேந்தா கீழே பார்த்தாள். பார்த்தவளுக்கு உயிர் போயிற்று.

ஒன்றுமே இல்லை. வெள்ளம் புது வண்டலைக் கொண்டுவந்து எல்லாவற்றையும் பூசி மெழுகிவிட்டிருந்தது. குழி நிரம்பிவிட்டது, தடம் போய்விட்டது, மிதித்த வட்டம் போய்விட்டது. காயப்போட்ட ஏழு அடுப்பும் போன இடம் தெரியவில்லை. மஞ்சள் புதர், பழுப்புத் தண்ணீர், வழவழவென்று ஈர மண். அவள் அச்சடித்துக் கொடுத்தாளே பன்னிரண்டு படம், அதுவேதான்! அவள் இரண்டு நாள் உட்கார்ந்து செய்ததை ஆறு இன்னும் சுத்தமாகச் செய்து வைத்திருந்தது.

நூமான் உறையிலிருந்து ஒரு படத்தை எடுத்துத் தூக்கிப் பிடித்து, கீழேயும் பார்த்தான். "நாம அம்மா மேல அநியாயமாச் சந்தேகப்பட்டுட்டோம். தொடைக்கவே இல்லியே. அப்படியேதான் இருக்கு."

துஹாமி சிரிக்கவில்லை. சேறு படாமல் கால்சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "லல்லா, நா என்ன பண்ண முடியும் சொல்லுங்க? கண்ணால பாத்தாச்சு" என்றார். திரும்பி மேலே ஏறத் தொடங்கினார்.

அல்ஜியா அவர் போவதைப் பார்க்கவே இல்லை. கீழே இறங்கிக் குனிந்து, வண்டலை விரலால் அழுத்திப் பார்த்தாள். பிறகு எழுந்து நின்று வானத்தைப் பார்த்தாள், வெயிலைப் பார்த்தாள். "ஆடை கட்டிருச்சு" என்றாள், யாரிடமென்று இல்லாமல்.

அப்போதுதான் மேலே சத்தம் கேட்டது. முதலில் தகர டப்பா உருளும் சத்தம், அப்புறம் ஒரு கழுதை, அப்புறம் ஒருத்தி இன்னொருத்தியைத் திட்டுகிற குரல். "மெதுவாடி, போன வருஷம் மாதிரி விழுந்து வெக்காத!" தர்ஃபாப் புதர் விலகியது. ஐந்து பேர், எட்டு பேர், பதினைந்து பேர், வாளியும் கூடையும் பழைய குழந்தைத் தள்ளுவண்டியுமாகப் பெண்கள் இறங்கி வந்தார்கள். யாரும் கூப்பிட்டு வரவில்லை. வெள்ளம் இறங்கி மண் ஆடை கட்டும் முதல் நாள் அது, வருஷா வருஷம் வருகிற மாதிரி வந்தார்கள். கரையில் ஆண்களைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்கள். இரண்டு பேர் டப்பாவைப் பாவாடைக்குப் பின்னால் ஒளிக்கப் பார்த்தார்கள். மருந்துக்கடைக்காரன் மனைவி திரும்பியே நடக்கத் தொடங்கினாள்.

கூட்டத்துக்கு நடுவிலிருந்து ஒருத்தி மட்டும் நிற்காமல் முன்னால் வந்தாள். இரண்டு கையிலும் வாளி. முகத்தை மூடவில்லை.

"மஹ்பூபா?" என்றார் துஹாமி. "நீ இங்க என்ன பண்ற?"

"நம்ம அடுப்பு வெடிச்சுருக்கு. பூச மண்ணு வேணாமா?"

"எந்த அடுப்பு?"

"நீங்க தெனம் நாலு ரொட்டி திங்கறீங்களே, அந்த அடுப்பு. கோழிக்கூண்டுக்குப் பின்னால." மஹ்பூபா வாளியைக் கீழே வைத்தாள். "பேக்கரி ரொட்டியாம், பேக்கரி ரொட்டி! எந்தப் பேக்கரில ஒங்களுக்கு அடில கரி பட்ட ரொட்டி குடுப்பான்?"

அல்ஜியா சிரித்த சிரிப்பு அக்கரைக் கொக்கையெல்லாம் கிளப்பிவிட்டது. பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். மருந்துக்கடைக்காரன் மனைவி திரும்பி வந்தாள். துஹாமியின் முகம் சிவந்து, வெளுத்து, கடைசியில் அவரும் வேறு வழியில்லாமல் சிரித்தார். தூக்கிப் பிடித்திருந்த கால்சட்டை நுனியை விட்டுவிட்டார், அது சேற்றில் பட்டது.

மஹ்பூபா தலேந்தாவின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள். "கூட்டத்துல பேர் கேட்டாராமே. நீ வாயத் திறக்கலியாம். நீ சொல்லிருந்தா நா இன்னிக்கு வந்திருக்கவே மாட்டேன், வெக்கத்துல வீட்டுக்குள்ளயே கெடந்திருப்பேன். சொல்லலேன்னதும் எனக்குத்தான் அவமானமாப் போச்சு. அதான் வந்தேன்."

தலேந்தா கேமராவை எடுத்தாள்.

கேமராவைப் பார்த்ததுதான் தாமதம், பதினைந்து பேரும் பரபரத்தார்கள். ஒருத்தி தலைத்துணியைச் சரிசெய்தாள், ஒருத்தி முகம் கழுவத் தண்ணீருக்கு ஓடினாள், ஒருத்தி, "கழுதைய மறைங்கடி!" என்று கத்தினாள்.

"யாரும் ஒண்ணும் செய்யாதீங்க" என்றாள் தலேந்தா. "கழுதையும் இருக்கட்டும். நீங்க பாட்டுக்கு மண்ணெடுங்க."

வெயில் ஏறும்வரை எடுத்தாள். வண்டல் மேல் முதல் கால் விழுவதை எடுத்தாள். மண்வெட்டி முதல் குழியைத் திறப்பதை எடுத்தாள். முழங்கை வரை சேறாக இருந்த மஹ்பூபாவை, அவளுடைய மருவோடு எடுத்தாள். நூமான் கரையில் உட்கார்ந்து, தன் அறிக்கையின் பின்பக்கத்தில் பெண்களை எண்ணிக்கொண்டிருந்தான். பின்னாலேயே வந்து சேர்ந்தவர்களையும் சேர்த்து இருபத்து மூன்றோ நாலோ என்று இரண்டு தடவை குழம்பி மறுபடி எண்ணினான். குப்பைக்கு வேறு இடம் பார்ப்பது என்று அடுத்த செவ்வாய் முடிவாயிற்று. எந்த இடம் என்று இன்றுவரை முடிவாகவில்லை, அது வேறு சண்டை.

எல்லாரும் போன பிறகு அல்ஜியாவும் தலேந்தாவும் மட்டும் இருந்தார்கள். அல்ஜியா குழிக்குள் குனிந்து கடைசிக் கூடைக்கு மண் வழித்துக்கொண்டிருந்தாள், முதுகில் வெயில். தலேந்தா அதையும் எடுத்தாள். சத்தம் கேட்டு அல்ஜியா நிமிர்ந்து பார்த்தாள், பிறகு மறுபடி குனிந்து மண்ணை வழித்தாள்.

தலேந்தா கேமராவைத் திறந்து கார்டை எடுத்து நீட்டினாள். கை பழக்கத்தில் நீட்டியதுதான்.

"பாத்துக்கக்கா. அழிச்சுடவா?"

அல்ஜியா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, கார்டை வாங்கி, திருப்பிப் பார்த்தாள். நகத்தளவு இருந்தது. அதைத் தலேந்தாவின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள். அவள் கை சேறும் சூடுமாக இருந்தது.

"இத வெச்சுக்கடி" என்றாள். "என் முதுகும் இருக்கட்டும்."

தலைத்துணி எப்போது அவிழ்ந்து தோளில் விழுந்ததென்று தலேந்தாவுக்குத் தெரியாது. அதை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, கூடைக்கு ஒரு கை கொடுத்தாள்.